காலை ஒன்பதரைக்கு ‘ஆஃப்டர்நூன்!’ என்றால் என்ன அர்த்தம்? ஆங்கில நக்கலுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ரயில் தாமதம். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதரைக்கு அலுவலகத்துக்குள் நுழைகிறார். பக்கத்து மேஜைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘ஆஃப்டர்நூன்!’ என்கிறார். புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ‘நோ, இட்ஸ் ஸ்டில் மார்னிங்’ என்று திருத்துவார்கள். இல்லையென்றால் முகம் சுண்டிப்போய், ரயில் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று விளக்கத் தொடங்குவார்கள். இரண்டும் தேவையில்லை. ‘சாரி, ட்ரெயின்ஸ்’ என்று இரண்டு சொல் சொல்லி, லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். அவர் கேட்டது விளக்கமல்ல. ‘நீ லேட்டாக வந்ததைப் பார்த்தேன், பெரிய விஷயமில்லை’ என்பதைத்தான் அவர் அந்த ஒற்றைச் சொல்லில் சொன்னார்.

நம் ஊரில் தாமதமாக வருகிறவரை ‘வாங்க தொரை, இப்பத்தான் விடிஞ்சுதா?’ என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. நக்கல் நமக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று அதைப் பாடமாகவே படித்திருக்கிறோம். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறோம் என்றால், தமிழில் நக்கலைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் ஆங்கிலத்தில் இல்லை. தமிழில் நக்கல் செய்கிறவர் எதிராளியைத் தூக்கி வைப்பார். ‘வா’ என்று கூப்பிட வேண்டியவனை ‘வாங்க’ என்பார். தொரை, மகாராசா, கலெக்டர் என்று பட்டம் கட்டுவார். ‘பெரிய படிப்பாளியாக்கும்’ என்று ‘ஆக்கும்’ போடுவார். ‘ஆமாஆஆ’ என்று இழுப்பார். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். மரியாதையைக் கூட்டிக் காட்ட வழியில்லை, ‘ஆக்கும்’ போன்ற ஒட்டும் இல்லை. நம் காது அந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறது. அவை வராததால் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறது.

ஆகவே மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆங்கிலத்தில் நக்கலைச் சொல்லுக்குள் தேடக் கூடாது. சொல்லுக்கும் அந்த நேரத்து நிலைமைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் தேட வேண்டும். இந்தக் கட்டுரை முக்கியமாகப் பிரிட்டனில் பேசும் ஆங்கிலத்தைப் பற்றியது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எங்கே மாறுகிறது என்பதை அங்கங்கே சொல்கிறோம்.

முதலில் நான்கு வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ‘நக்கல்’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் பதில் தவறிவிடும்.

முதல் வகை, நிலைமை மேல் வருகிற சலிப்பு. மழை, ரயில், பிரிண்டர், கூட்டம் இவற்றைப் பார்த்துச் சொல்வது. பிளாட்பாரத்தில் நிற்கிறீர்கள். அறிவிப்புப் பலகையில் 8.14 வண்டிக்கு எதிரே ‘டிலேய்ட்’ என்று இருந்தது ‘கேன்சல்ட்’ என்று மாறுகிறது. பக்கத்தில் நிற்பவர் ‘ஓ, லவ்லி’ என்கிறார். இதில் யாரும் குறி இல்லை. நீங்களும் அதே கஷ்டத்தில் இருப்பதால் உங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறார். அன்றாடம் காதில் விழுவதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இரண்டாவது, சீண்டல். ஆங்கிலத்தில் ‘பேன்டர்’ என்பார்கள். ‘ஆஃப்டர்நூன்!’ இந்த வகை. மாலை நாலரைக்குப் பையை எடுத்தால் ‘ஹாஃப் டே, இஸ் இட்?’ என்று கேட்பதும் இதே வகை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983-லேயே இதைத் தெளிவாக எழுதிவைத்தார்: வெளிப்படையாகவே பொய்யான, மரியாதைக் குறைவான ஒன்றை ஒருவரிடம் சொல்வது, ‘நமக்குள் மரியாதைச் சொல் தேவைப்படாத நெருக்கம் இருக்கிறது’ என்று காட்டும் வழி. புதிதாக வந்தவர்களுக்குப் புரியவைக்க மிகவும் கடினமானது இதுதான். உங்களைச் சீண்டத் தொடங்கினால் பெரும்பாலும் உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். குழுவில் எல்லோரையும் சீண்டி, உங்களிடம் மட்டும் அளந்து மரியாதையாகப் பேசினால், நீங்கள் இன்னும் வெளியே நிற்கிறீர்கள்.

மூன்றாவது, குத்தல். உண்மையிலேயே கோபமோ வெறுப்போ இருந்து, அதை நேராகச் சொல்லாமல் பாராட்டு வேஷம் போட்டுச் சொல்வது. அறிக்கை மூன்று நாள் தாமதமானபின் மேலாளர் ‘வெல், தேங்க்ஸ் ஃபார் கெட்டிங் தட் டு அஸ் ஸோ ப்ராம்ப்ட்லி’ என்றால் அது குத்தல். இதற்கு வேலையில் பதில் சொல்ல வேண்டும், சிரித்து விட்டுவிடக் கூடாது.

நான்காவது, குறைத்துச் சொல்வது. இது நக்கலே அல்ல, ஆனால் பக்கத்து வீடு. பெரிய விஷயத்தைச் சிறிய சொல்லில் சொல்வது. 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று ஜாவா தீவுக்கு அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் போய், நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் சொன்னது: நமக்கு ஒரு சிறிய பிரச்சினை, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, மறுபடி இயக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்கிறோம், நீங்கள் அதிகம் கலங்கவில்லை என்று நம்புகிறேன். எஞ்சின்கள் பிறகு இயங்கின, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. 

குறைத்துச் சொல்வது எல்லா நேரமும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையணி சீனப் படைகளிடம் சிக்கிக்கொண்டபோது, பிரிகேடியர் டாம் ப்ரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்றார். கைமீறிவிட்டது என்பது அவர் சொன்னதன் பொருள். கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டார். குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் சூழப்பட்டு, மிகப் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ஆங்கிலமே தாய்மொழியான இருவருக்கு நடுவே இப்படி நடந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்கியம் புரியாமல் போனால் அதற்காகக் கூச வேண்டியதே இல்லை.

மருத்துவமனை வார்டிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். ‘ஐ’ம் எ பிட் கன்சர்ன்ட்’ என்று மூத்தவர் சொன்னால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ‘நாட் ஐடியல்’ என்றால் மோசம். நோயாளி ‘பிட் சோர்’ என்றால் எவ்வளவு வலி என்று பத்துக்கு எண் கேட்டு வாங்குங்கள்.

கேட்கும்போது எதைக் கவனிப்பது

வரிசை முக்கியம். முதல் படியிலேயே பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

படி ஒன்று: நிலைமை. சொன்ன சொல்லை ஒதுக்கிவிட்டு, ‘இந்த நேரத்தில் ஒருவர் உண்மையாகவே இதைச் சொல்லிச் சந்தோஷப்படுவாரா?’ என்று உங்களையே கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 4.50-க்கு ஒரு வேலை வந்து விழுகிறது. ‘ஜஸ்ட் வாட் ஐ நீடட்’ என்கிறார். சந்தோஷப்பட வழியே இல்லை. முடிந்தது.

படி இரண்டு: சொல்லின் அளவு. சொல் நிலைமைக்குப் பெரியதாக இருக்கிறதா? காபி கொட்டியதற்கு ‘ஃபென்டாஸ்டிக்’, ‘பிரில்லியன்ட்’, ‘மார்வலஸ்’ என்று வந்தால் நக்கல். சில வாக்கிய அமைப்புகள் ஏறக்குறைய எப்போதும் நக்கலுக்கென்றே இருக்கின்றன: ‘வெல், தட் வென்ட் வெல்’, ‘வெல், திஸ் இஸ் ஃபன்’, ‘பிகாஸ் தட்ஸ் எக்ஸாக்ட்லி வாட் வீ நீட்’. இவற்றை முழுதாக மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டாம்.

படி மூன்று: குரல். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹென்றி சியாங், மார்க் பெல் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுகிறவர்கள் நக்கல் செய்யும்போது குரலின் சுருதி சராசரியாகக் கீழே இறங்குவதைக் கண்டார்கள். அவர்களே அடுத்து கான்டனீஸ் மொழியை ஆராய்ந்தபோது அங்கே சுருதி மேலே ஏறியது. நக்கலின் ராகம் மொழிக்கு மொழி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தமிழ்க் காதோடு ஆங்கில நக்கலைப் பிடிக்கப் போனால் தவறுவது இயல்பு. உண்மையான ‘கிரேட்!’ மேலே எழும்பி, சுருக்கென்று முடியும். நக்கலான ‘கிரேட்’ கீழே இறங்கி, நடு உயிர் நீண்டு, தட்டையாக முடியும்: ‘கிரேஏஏட்’. ‘ஓ’வுக்கும் ‘கிரேட்’டுக்கும் நடுவே ஒரு சின்ன நிறுத்தமும் இருக்கும்.

படி நான்கு: முகம். சந்தோஷமான சொல்லும் சலனமில்லாத முகமும் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள். சொன்னவர் உங்களைப் பார்க்காமல் இன்னொருவரை அரைக்கணம் பார்த்தால் அது வலுவான அடையாளம். தன் நக்கல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறார்.

பிரிட்டனில் ‘டெட்பேன்’ என்றொரு பாணி உண்டு. குரலிலும் முகத்திலும் எந்த அடையாளமும் வைக்காமல், வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே மூன்றாம் படியும் நான்காம் படியும் கைகொடுக்காது. அதனால்தான் நிலைமையை முதலில் வைத்தோம்.

இவை ஏமாற்றும்

‘டெல் மீ அபௌட் இட்.’ ‘எனக்கும் அதே கதைதான், நீ சொல்லவே வேண்டாம்’ என்று பொருள். ‘வீட்டு வாடகை ரொம்ப ஏறிவிட்டது’ என்று நீங்கள் சொல்ல, அவர் ‘டெல் மீ அபௌட் இட்’ என்றால், விவரமாகச் சொல்லத் தொடங்காதீர்கள். நம்மவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

‘தேங்க்ஸ் எ லாட்’ இரண்டு பக்கமும் போகும். தொனிதான் தீர்மானிக்கும். ‘தேங்க்ஸ் எ பன்ச்’ பிரிட்டனில் பெரும்பாலும் நக்கல். ‘சியர்ஸ் ஃபார் தட்’ என்பதும் உதவி செய்தபின் வந்தால் நன்றி, தொல்லை கொடுத்தபின் வந்தால் நக்கல். ஆங்கிலத்தில் நன்றி சொல்ல நினைத்தால் எதற்கு நன்றி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், குழப்பமே வராது.

‘குட் ஃபார் யூ’. நல்ல செய்தி சொன்னபின் குரல் எழும்பி வந்தால் வாழ்த்து. நீங்கள் பெருமை பேசியதாக அவருக்குத் தோன்றி, குரல் இறங்கி வந்தால் ‘இருந்துட்டுப் போ’ என்று பொருள். ‘குட் லக் வித் தட்’ வாழ்த்தல்ல; ‘நடக்காது’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

‘யா, ரைட்.’ இரண்டும் ஆமாம் என்று பொருள்படும் சொற்கள், சேர்ந்தால் ‘நம்பவே மாட்டேன்’. ‘யூ டோன்ட் சே’ என்பது பழைய காலத்தில் வியப்பு. இன்று பெரும்பாலும் ‘இதைச் சொல்லித்தான் தெரியணுமா?’ வெளிப்படையான ஒன்றைச் சொன்னவரை ‘வெல் டன், ஷெர்லாக்’ என்பதும் இதே குடும்பம்.

‘லிவிங் த ட்ரீம்.’ ‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால் திங்கட்கிழமை காலையில் வரும் பதில். வேலை நசுக்குகிறது, ஆனாலும் ஓடுகிறது என்று பொருள். வாழ்த்துச் சொல்லாதீர்கள். தலையாட்டிச் சிரியுங்கள்.

‘வித் ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் மரியாதைக் குறைவான ஒன்று பின்னால் வருகிறது. ‘நாட் பேட்’ என்பது பிரிட்டனில் நல்ல பாராட்டு. முகம் வாட வேண்டாம். ‘க்வைட் குட்’ என்பது பிரிட்டனில் ‘பரவாயில்லை’, அமெரிக்காவில் ‘நன்றாகவே இருக்கிறது’. லண்டன் மேலாளருக்கும் நியூயார்க் மேலாளருக்கும் ஒரே நாளில் அறிக்கை அனுப்புகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ‘ஐ குட் கேர் லெஸ்’ என்றும் ‘ஐ குடன்ட் கேர் லெஸ்’ என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்; இரண்டுக்கும் ‘எனக்கென்ன வந்தது’ என்ற ஒரே பொருள். தென் மாநிலங்களில் ‘பிளெஸ் யுவர் ஹார்ட்’ என்பது உண்மையான பரிவாகவும் இருக்கும், ‘பாவம், விவரமில்லாதவர்’ என்பதாகவும் இருக்கும்.

பதில் சொல்வது

நிலைமை மேல் வந்த சலிப்புக்குக் கூடச் சேர்ந்துகொண்டால் போதும். ‘ஓ, லவ்லி’ என்றவருக்கு ‘டிப்பிக்கல்’ என்று ஒற்றைச் சொல். அல்லது ஒரு பெருமூச்சு. ‘ரயில் ரத்தானது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்பதுபோல எதையும் கேட்காதீர்கள். ‘அப்படிச் சொல்லாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். அவர் ஆறுதல் கேட்கவில்லை.

சீண்டலுக்குப் பதில் சுருக்கமாக, சிரித்தபடி, உடனே. ‘ஹாஃப் டே?’ என்றால் ‘ஐ விஷ்’. உணவைப் பார்த்து ‘எனஃப் ஃபார் த ஹோல் ஆஃபீஸ், இஸ் இட்?’ என்றால் ‘நாட் ஷேரிங்’. பதில் தோன்றாவிட்டால் ‘வெரி ஃபன்னி’ என்று சிரித்துச் சொன்னாலே கணக்குத் தீர்ந்துவிடும். நீண்ட விளக்கம் கொடுத்தால் அவர் சங்கடப்படுவார், அடுத்த தடவை உங்களிடம் விளையாட மாட்டார். ஒன்றிரண்டு முறை இப்படி நடந்தால் உங்களிடம் எல்லோரும் அளந்து பேசத் தொடங்கிவிடுவார்கள்.

குத்தலுக்கு நக்கலை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் உண்மையான குறையை மட்டும் எடுத்துப் பதில் சொல்லுங்கள். ‘ஸோ ப்ராம்ப்ட்லி’ என்ற மேலாளரிடம்: ‘யெஸ், இட் வாஸ் லேட், ஐ’ம் சாரி. த நெக்ஸ்ட் ஒன் வில் பி வித் யூ பை தர்ஸ்டே.’ தவறை ஒப்புக்கொண்டு, ஒரு தேதி கொடுத்தாயிற்று. குத்தலுக்குக் குத்தல் கொடுத்தால் பேச்சு வேலையை விட்டுவிட்டு உங்கள் மேல் திரும்பும்.

நக்கலா இல்லையா என்று தெரியவில்லை, ஆனால் வேலை சம்பந்தப்பட்டது. அப்போது ‘ஆர் யூ ஜோக்கிங்?’ என்று கேட்பதைவிட, செயலாக மாற்றிக் கேட்பது நல்லது. உங்கள் வரைபடத்தைப் பார்த்து ஒருவர் ‘இன்ட்ரஸ்டிங் சாய்ஸ் ஆஃப் கலர்ஸ்’ என்கிறார். ‘ஷுட் ஐ சேஞ்ச் தெம்?’ என்று கேளுங்கள். நக்கலாக இருந்தால் ‘ப்ராபப்ளி, யெஸ்’ என்பார். உண்மையாக இருந்தால் ‘நோ, நோ, ஐ லைக் இட்’ என்பார். எப்படியும் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது, யாருக்கும் சங்கடமில்லை. புதிதாக வந்தவர்களுக்கு நாங்கள் சொல்லித்தருவதில் அதிகம் பயன்படுவது இந்த ஒரு கேள்விதான்.

வேலை சம்பந்தமில்லாத இடத்தில் ‘சாரி, ஐ கான்ட் டெல் இஃப் யூ’ர் ஜோக்கிங்’ என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. டெட்பேன் பேசுகிறவர்களிடம் உள்ளூர்க்காரர்களே அப்படிக் கேட்பதுண்டு.

நீங்கள் நக்கல் செய்யும்போது

முதல் இரண்டு மூன்று மாதம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு வரிசையாக ஏறுங்கள். முதலில் பொருள்களின் மேல்: மழை, பிரிண்டர், லிஃப்ட். பிறகு உங்கள் மேல்: கோப்பைத் தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால் ‘வெல், தட் வாஸ் க்ளெவர் ஆஃப் மீ’. அதன் பிறகுதான் மனிதர்கள். அதிலும் உங்களுக்குச் சமமான நிலையில் இருப்பவர், உங்களை ஏற்கெனவே சீண்டியவர், அவர் சிரித்துப் பேசும் நேரம், இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும்.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், உங்களைவிடப் புதிதாக வந்தவர், வாடிக்கையாளர், நோயாளி, துக்கத்தில் இருப்பவர் இவர்களிடம் ஒருபோதும் வேண்டாம். கீழே இருப்பவர் திருப்பிச் சீண்ட முடியாது. அதனால் அது விளையாட்டாக இருக்காது. ஒருவருடைய உருவம், உச்சரிப்பு, மதம், குடும்பம், சம்பளம் இவற்றைத் தொடவே கூடாது.

செய்முறை எளிது. மோசமான ஒன்று நடக்க வேண்டும், அது இருவருக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன்மேல் ஒன்றிலிருந்து நான்கு சொல்லுக்குள் நல்ல வார்த்தை ஒன்றை, குரலை இறக்கி, மெதுவாகச் சொல்லுங்கள். பிரிண்டரில் மூன்றாவது முறையாகத் தாள் சிக்கியது: ‘எக்ஸலன்ட்.’ அவ்வளவுதான். சொல்வதற்கு முன்பே நீங்கள் சிரித்துவிட்டால் கெட்டுவிடும். மூன்று வாக்கியமாக நீட்டினால் புகாராகிவிடும். ஒன்று பலித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வந்தால் ‘எதையும் நேராகச் சொல்லாதவர்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் நக்கலை மொழிபெயர்த்துக் கொண்டுபோகாதீர்கள். ‘வாங்க சார், வாங்க’ என்பதை நினைத்து ‘வெல்கம், சார்’ என்றால், பிரிட்டன் அலுவலகத்தில் யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடாததால், பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘பெரிய ஆளு’ என்பதை ‘பிக் மேன்’ என்றால் உடம்பைச் சொன்னதாக ஆகும். ‘ஆமா ஆமா’ என்ற நினைப்பில் ‘யெஸ், யெஸ்’ என்று இரண்டு தடவை சொன்னால் ‘போதும், நிறுத்து’ என்று கேட்கும்.

சொன்னது பலிக்கவில்லை, எதிரில் இருப்பவர் முகம் மாறிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். ‘சாரி, தட் வாஸ் மென்ட் டு பி எ ஜோக்’ என்று அப்போதே சொல்லிவிட்டு, உண்மையில் நினைத்ததை நேராகச் சொல்லுங்கள். அடுத்த நாளுக்குத் தள்ளினால் அந்தச் சொல் அவர் மனத்தில் ஊறிவிடும்.

பாராட்டு நக்கலாகக் கேட்கும் ஆபத்து

இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, ஆனால் நக்கல் புரியாமல் போவதைவிட இதனால் வரும் கெடுதல் அதிகம். தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலம் பேசும்போது அசைகளுக்குச் சமமான அழுத்தம் கொடுப்பது வழக்கம். சுருதியும் ஆங்கிலேயர் எதிர்பார்க்கும் இடத்தில் அவ்வளவு ஏறி இறங்காது. அதனால் மனமார ‘வெரி குட்’ என்று சொன்னாலும், கேட்பவர் காதில் தட்டையாக விழுந்து, நக்கலாகப் பதிந்துவிடலாம். சக ஊழியர் ஒருவர் இரவு முழுக்க உட்கார்ந்து முடித்த வேலையைப் பார்த்து நீங்கள் ‘வாவ், கிரேட்’ என்கிறீர்கள். குரல் எழும்பவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுகிறார். உங்களுக்குக் காரணமே தெரியாது.

இதற்கு உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை. விவரம் சேர்த்தால் போதும். ‘கிரேட்’ என்று நிறுத்தாமல், ‘கிரேட், த செகன்ட் டேபிள் மேக்ஸ் இட் ரியலி கிளியர்’ என்று சொல்லுங்கள். நக்கல் செய்கிறவர் இரண்டாவது அட்டவணையைப் பற்றிப் பேச மாட்டார். விவரம் இருந்தால் உண்மை என்று காது நம்பிவிடும். கூடவே, பாராட்டும் சொல்லின் முதல் அசையில் குரலைக் கொஞ்சம் உயர்த்தப் பழகுங்கள்.

எழுத்தில்

எழுத்தில் நக்கல் வேண்டாம். மின்னஞ்சலில் வேண்டவே வேண்டாம். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் உடன் ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட சோதனைகளில், மின்னஞ்சல் அனுப்பியவர்கள் தங்கள் நக்கல் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று பெரிதும் நம்பினார்கள். உண்மையில், அவற்றில் ஒரு சோதனையில் படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எழுதுகிறவர் காதில் தன் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, படிப்பவருக்கு அது கேட்பதில்லை. நக்கலுக்குத் தனிக் குறி வேண்டும் என்று அல்கான்டர் த பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1899-லேயே ஒரு குறியை முன்வைத்தார்; அது நிலைக்கவில்லை. இன்று இணைய அரட்டையில் வாக்கியத்தின் முடிவில் சாய்கோடும் ஒரு சிறிய ‘எஸ்’ எழுத்தும் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் முழு வாக்கியமும் நக்கல் என்று படியுங்கள்.

படிக்கும்போது வேறு சில அடையாளங்கள்: ஒரு சொல்லுக்கு மட்டும் தேவையில்லாமல் மேற்கோள் குறி, தலைகீழாகச் சிரிக்கும் முகம், ஒரு எழுத்து பெரிதும் ஒரு எழுத்து சிறிதுமாக எழுதிய வாக்கியம். ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்’ என்றால் ‘நான் ஏற்கெனவே சொன்னதை நீ படிக்கவில்லை’. அரட்டைச் செய்தியில் ‘ஓகே.’ ‘ஃபைன்.’ என்று ஒற்றைச் சொல்லுக்கு முற்றுப்புள்ளி வைத்தால் பலருக்கு அது கோபமாகப் படும். நீங்கள் பழக்கத்தில் புள்ளி வைப்பவராக இருந்தால், ஒரு சொல்லோடு நிறுத்தாமல் ‘ஓகே, வில் டு இட் டுடே’ என்று எழுதுங்கள்.

எல்லை தாண்டினால்

சீண்டல் எல்லோர் மேலும் சுற்றிவரும், நீங்கள் திருப்பிச் சீண்டினால் சிரிப்பார்கள், ‘பிடிக்கவில்லை’ என்றால் நிறுத்துவார்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சீண்டல் அல்ல. உங்கள் மேல் மட்டும் வருகிறது, உச்சரிப்பையோ நிறத்தையோ சாப்பாட்டையோ குறிவைக்கிறது, நிறுத்தச் சொன்னபின்னும் தொடர்கிறது என்றால் பொறுத்துப்போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இதற்கு இருக்கிறது. இனம், மதம், பாலினம், வயது, ஊனம் போன்ற காரணங்களோடு தொடர்புடைய நடத்தை, ஒருவருடைய கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கத்தில் நடந்தாலும், நோக்கமே இல்லாமல் அப்படி ஒரு விளைவை உண்டாக்கினாலும் துன்புறுத்தலாகக் கருதப்படலாம். ‘இட்ஸ் ஜஸ்ட் பேன்டர்’ என்று சொல்லிவிட்டதாலேயே ஒருவர் தப்பிவிட முடியாது.

முதலில் தனியாகக் கூப்பிட்டு, ‘பிளீஸ் டோன்ட் ஜோக் அபௌட் மை ஆக்சன்ட். ஐ டோன்ட் லைக் இட்’ என்று சிரிக்காமல் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் அதுவும் விளையாட்டாகிவிடும். தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, யார் கூட இருந்தார்கள் என்று எழுதிவைத்து, மேலாளரிடமோ மனிதவளத் துறையிடமோ தொழிற்சங்கத்திடமோ கொடுங்கள். வார்த்தைகளை உங்கள் நடையில் திருத்தி எழுதாதீர்கள். அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

காதைப் பழக்குவது

தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம். கைபேசியில் ‘தேங்க்ஸ்’, ‘கிரேட்’, ‘ஷ்யூர்’, ‘நைஸ்’ இந்த நான்கு சொற்களை ஒவ்வொன்றும் மூன்று விதமாகப் பதிவு செய்யுங்கள்: உண்மையாக, நக்கலாக, களைப்பாக. உடனே கேட்காதீர்கள். எந்த வரிசையில் பேசினோம் என்பது மறந்தபின், மறுநாள் கேட்டு, எது எது என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லையென்றால் மற்றவர்களுக்கும் முடியாது. குரலை இன்னும் இறக்கி, உயிரை இன்னும் நீட்டி மறுபடி பதியுங்கள்.

கூடவே ஒரு சிறிய நோட்டு. பஸ்ஸில், கேன்டீனில், கூட்டத்தில் கேட்ட வாக்கியத்தை நான்கு கட்டமாக எழுதுங்கள்: என்ன சொன்னார், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார். நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கேட்டவர் சிரித்தாரா, பதிலுக்குச் சீண்டினாரா, பேசாமல் வேலையைத் தொடர்ந்தாரா என்பதிலிருந்துதான் அது எந்த வகை என்று தெரியும். அன்று புரியாமல் போனதற்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து, வார முடிவில் நம்பிக்கையான உள்ளூர் நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். ‘வாட் டிட் ஷி மீன் பை திஸ்?’ என்று கேட்டால், தேநீர் ஆறும் வரை உட்கார்ந்து விளக்குவார்கள்.